புரோலாக் மாறி ஜாவாவுக்குக் குடிபோன கதை

எக்ஸ் = எக்ஸ் + 1. இந்த ஒரு வரியை மூன்று பேரிடம் காட்டிப் பாருங்கள். கணக்கு வாத்தியார், "எந்த எண்ணும் தன்னைவிட ஒன்று பெரியதாக இருக்க முடியாது, இது தப்பு" என்பார். சி மொழி படித்த மாணவர், "எக்ஸில் இருப்பதோடு ஒன்றைக் கூட்டி அதே எக்ஸில் வை, அவ்வளவுதானே!" என்பார். மூன்றாவதாகப் புரோலாக்கிடம் கேட்டால் என்ன ஆகும்? பல புரோலாக்குகள் "ஆம், சரி" என்று சொல்லிவிடும்! ஆனால் அவை எதையும் கூட்டியிருக்காது. எக்ஸ் என்பது "எக்ஸ் + 1" என்ற அமைப்பு, அதற்குள் இருக்கும் எக்ஸும் அதே அமைப்பு, அதற்குள்ளும் அதே... என்று முடிவே இல்லாத ஒரு வளையத்தைக் கட்டி வைத்திருக்கும்.

மாறி என்ற ஒரே சொல்லுக்கு மூன்று இடத்தில் மூன்று பொருள். சி-யிலும் ஜாவாவிலும் மாறி என்பது ஒரு பெட்டி. எதை வேண்டுமானாலும் போடலாம், எடுக்கலாம், மேலே இன்னொன்றைப் போட்டு மூடலாம். புரோலாக்கில் மாறி என்பது இன்னும் தெரியாத ஒரு மதிப்புக்கு நாம் வைத்திருக்கும் பெயர். இந்த இரண்டாவது வகை மாறியை முதல் வகை மொழியில் எப்படிச் செய்வது? கேட்க சின்னக் கேள்வி. ஆனால் இதற்கு விடை தேடி ஆராய்ச்சியாளர்கள் பல பத்தாண்டுகள் உழைத்திருக்கிறார்கள். அந்தக் கதைதான் இது.

தசரதனுக்கு எத்தனை பிள்ளை?

முதலில் புரோலாக் மாறி என்னதான் செய்கிறது என்று பார்த்துவிடலாம். புரோலாக்கில் நிரல் என்பது கட்டளைகளின் வரிசை இல்லை, உண்மைகளின் பட்டியல்.

தந்தை(தசரதன், இராமன்).
தந்தை(தசரதன், பரதன்).
தந்தை(தசரதன், இலட்சுமணன்).
தந்தை(தசரதன், சத்ருக்னன்).
தாய்(கோசலை, இராமன்).
தாய்(கைகேயி, பரதன்).

இதன்மேல் ஒரு கேள்வி கேட்கிறோம்: தந்தை(தசரதன், யார்), தாய்(கைகேயி, யார்). அதாவது, தசரதன் தந்தையாகவும் கைகேயி தாயாகவும் உள்ளவர் யார்? இங்கே "யார்" என்பதுதான் மாறி.

புரோலாக் முதல் பகுதியை எடுத்து, பட்டியலில் மேலிருந்து கீழாகப் பொருத்திப் பார்க்கும். முதல் வரியே பொருந்துகிறது. ஆகவே யார் = இராமன். அடுத்து இரண்டாம் பகுதி: தாய்(கைகேயி, இராமன்) உண்டா? இல்லை. உடனே புரோலாக் பின்வாங்குகிறது. "யார்" மேல் எழுதிய இராமனை அழித்துவிட்டு, மீண்டும் அதைத் தெரியாத ஒன்றாக ஆக்கிவிட்டு, அடுத்த வரிக்குப் போகிறது. யார் = பரதன். இப்போது இரண்டாம் பகுதியும் பொருந்துகிறது. விடை கிடைத்துவிட்டது.

குறுக்கெழுத்துப் புதிரைப் பென்சிலால் நிரப்புவது போலத்தான் இது. இடமிருந்து வலமாக ஒரு சொல்லை எழுதுகிறோம். மேலிருந்து கீழ் வரும் சொல்லோடு அது ஒத்துவராவிட்டால் ரப்பரால் அழிக்கிறோம். இதிலிருந்து புரோலாக் மாறிக்கு மூன்று குணங்கள் இருப்பது தெரியும்.

ஒன்று, அது வெறுமையாக இருக்கலாம். ஒருமுறை நிரம்பிவிட்டால் அந்தப் பாதையில் போகும்வரை அதன் மதிப்பு மாறாது.

இரண்டு, வெறுமையான இரண்டு மாறிகள் ஒன்றாகிவிடலாம். துப்பறியும் கதையில், "முகமூடிக்காரனும் மாடி வீட்டுக்காரனும் ஒரே ஆள்" என்று நடுவிலேயே தெரிந்துவிடும். அவன் பெயர் என்ன என்பது இன்னும் தெரியாது. பிறகு ஒருவன் பெயர் தெரிந்தால் மற்றவன் பெயரும் அந்தக் கணமே தெரிந்துவிட வேண்டும்.

மூன்று, பின்வாங்கும்போது எழுதியது அழிய வேண்டும். எல்லாம் அழிந்துவிடக் கூடாது. எந்த இடம்வரை பின்வாங்குகிறோமோ அதற்குப் பிறகு எழுதியவை மட்டும்தான் அழிய வேண்டும்.

ஜாவாவின் சாதாரண மாறிக்கு இந்த மூன்றில் ஒன்றுகூட முழுதாகக் கிடையாது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

1965: ஒரே ஆண்டில் இரண்டு யோசனைகள்

1965-ல் ஆலன் ராபின்சன் ஒரு புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். இயந்திரத்தால் தேற்றங்களை நிறுவுவது எப்படி என்பது அதன் பொருள். இரண்டு கோவைகளை எடுத்து, அவற்றின் மாறிகளுக்கு என்ன மதிப்பு கொடுத்தால் இரண்டும் ஒன்றாகும் என்று கண்டுபிடிக்கும் முறை அதில் இருந்தது. அதற்கு யூனிஃபிகேஷன் என்று பெயர். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் பொருத்தம் பார்த்தல்! புரோலாக்கின் உயிர் இதுதான்.

அதே 1965-ல் டோனி ஹோர், ஆல்கால் டபிள்யூ என்ற மொழிக்காக வேறொரு யோசனையைச் சேர்த்தார். ஒரு சுட்டி எந்தப் பொருளையும் சுட்டாமல் சும்மா இருக்கலாம். அதுதான் 'நல்'. இன்று ஜாவா மாணவர்களின் தூக்கத்தைக் கெடுக்கும் நல் பாயிண்டர் பிழையின் மூலம் அதுவே. 2009-ல் ஹோரே அதைத் தன்னுடைய நூறு கோடி டாலர் தவறு என்று ஒரு மாநாட்டில் சொன்னார்.

ராபின்சனின் மாறியும் ஹோரின் நல்லும் மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்று போலவே இருக்கும். இரண்டும் "இங்கே இன்னும் ஒன்றும் இல்லை" என்கின்றன. ஆனால் எல்லா நல்லும் ஒரே நல்தான். இரண்டு தெரியாத மாறிகளோ இரண்டு வெவ்வேறு தெரியாத மாறிகள். முகமூடிக்காரனையும் மாடி வீட்டுக்காரனையும் "யாரோ" என்ற ஒரே சொல்லால் குறித்தால் துப்பறிவாளர் குழம்பிப்போவார் இல்லையா? அந்தக் குழப்பம்தான் இங்கேயும்.

சுவாரசியமான விஷயம் என்னவென்றால், இந்த இரண்டு யோசனைகளும் சீக்கிரமே ஒரே இடத்தில் சந்தித்தன. பிரான்சில் மார்செய் நகரில் அலென் கோல்மரோயேவும் பிலிப் ரூசெலும், எடின்பரோவிலிருந்த ராபர்ட் கோவால்ஸ்கியோடு கலந்து பேசி, 1972-ல் புரோலாக்கை உருவாக்கினார்கள். அந்த முதல் வடிவத்தை ரூசெல் எழுதிய மொழி எது தெரியுமா? ஆல்கால் டபிள்யூ! நல் பிறந்த அதே மொழி.

மறு ஆண்டு, 1973-ல், பத்தானி, மெலோனி முதலியவர்கள் புரோலாக்கை ஃபோர்ட்ரானில் எழுதினார்கள். அன்றைய ஃபோர்ட்ரானில் சுட்டிகளே கிடையாது, வரிசைகளும் எண்களும் மட்டும்தான். ஆகவே மாறி என்பது வரிசையில் ஓர் இட எண்ணாக ஆனது. எடின்பரோவில் பாயர், மூர் இருவரும் கண்டுபிடித்திருந்த 'அமைப்பைப் பகிர்தல்' என்ற உத்தி இதற்குக் கைகொடுத்தது. கோவையின் எலும்புக்கூடு ஓரிடத்தில் ஒருமுறை மட்டும் இருக்கும், மாறிகளின் மதிப்புகள் தனி அட்டவணையில் இருக்கும்.

முதலில் பார்த்த எக்ஸ் = எக்ஸ் + 1 வளையத்துக்கும் மார்செய்தான் காரணம். ஒரு மாறியை ஒரு கோவையோடு பொருத்தும் முன், அந்தக் கோவைக்குள் அதே மாறி ஒளிந்திருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லியிருந்தார் ராபின்சன். ஒவ்வொரு முறையும் முழுக் கோவையையும் தேடினால் நேரம் வீணாகும் என்று புரோலாக் அந்தச் சோதனையை விட்டுவிட்டது. பிறகு 1982-ல் வந்த புரோலாக் 2-ல் கோல்மரோயே அந்த வளையங்களையே முறையான மதிப்புகளாக ஏற்றுக்கொண்டார்.

கதவு எண் சொன்ன மூன்று செய்திகள்

புரோலாக் வேகமாக ஓடும் என்று உலகை நம்ப வைத்தவர் எடின்பரோவின் டேவிட் வாரன். 1977-ல் அவர் டெக்-10 கணினிக்காக ஒரு கம்பைலர் எழுதினார். 1983-ல் வாரன் அப்ஸ்ட்ராக்ட் மெஷின் என்ற கற்பனை இயந்திரத்தை வரையறுத்தார். அதன்பின் வந்த புரோலாக்குகளில் பெரும்பாலானவை அதன் வாரிசுகள்தான்.

வாரனின் இயந்திரத்தில் மாறி என்பது நினைவகத்தில் ஒரே ஓர் அறை. அந்த அறைக்கு ஒரு முகவரி உண்டு, தெருவில் வீட்டுக்குக் கதவு எண் இருப்பது போல. மாறி வெறுமையாக இருந்தால் அறைக்குள் என்ன இருக்கும்? நல் இல்லை, பூஜ்யமும் இல்லை. அந்த அறையின் சொந்த முகவரியே இருக்கும்! அதாவது மாறி தன்னையே சுட்டிக்கொண்டிருந்தால் அது இன்னும் தெரியாத மாறி. மதிப்பு கிடைத்ததும் அந்த மதிப்பு உள்ளே எழுதப்படும். இன்னொரு மாறியோடு ஒன்றானால் அதன் முகவரி எழுதப்படும். ஒரு மாறியின் மதிப்பு வேண்டுமென்றால், சுட்டிய இடத்துக்குப் போய், அது சுட்டிய இடத்துக்குப் போய்... என்று தன்னையே சுட்டும் அறையோ உண்மையான மதிப்போ வரும்வரை நடக்க வேண்டும்.

இந்த ஒற்றை முகவரி மூன்று வேலை செய்தது.

முதல் வேலை அடையாளம். இரண்டு வெறும் மாறிகளும் ஒன்றா வேறா என்று முகவரியை ஒப்பிட்டால் போதும்.

இரண்டாவது வேலை வயது. நினைவகம் சிறிய எண்ணிலிருந்து பெரிய எண்ணை நோக்கி வளர்வதால், பழைய மாறிக்குச் சிறிய எண், புதிய மாறிக்குப் பெரிய எண். இரண்டு மாறிகள் ஒன்றாகும்போது இளையது மூத்ததைச் சுட்ட வேண்டும் என்பது விதி. இளையது முதலில் மறையும். மூத்தது இளையதைச் சுட்டினால், மறைந்துபோன இடத்தைச் சுட்டிக்கொண்டு நிற்கும்.

வயதுக்கு இன்னொரு பயனும் உண்டு. எங்கே எழுதினோம் என்பதைப் பின்வாங்குவதற்காக ஒரு பட்டியலில் குறித்து வைக்கிறார்கள். அதற்கு டிரெயில் என்று பெயர், தமிழில் தடம் எனலாம். ஆனால் எல்லா மாறியையும் குறிக்க வேண்டியதில்லை. கடைசிக் கிளைப்புள்ளிக்குப் பிறகு பிறந்த மாறி, பின்வாங்கும்போது தானே மறைந்துவிடும். கிளைப்புள்ளிக்கு முன்பே பிறந்ததை மட்டும் குறித்தால் போதும். முன்பா பின்பா என்று அறிய முகவரியை ஒருமுறை ஒப்பிட்டால் தீர்ந்தது.

மூன்றாவது வேலை துப்புரவு. பின்வாங்கும்போது நினைவகத்தின் உச்சி எண்ணைப் பழைய இடத்துக்கு இறக்கினால் போதும். அதற்குப்பின் பிறந்த ஆயிரம் மாறிகளும் ஒரே கணத்தில் காலி!

இந்த வரிசை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. வாரன் இயந்திரத்துக்கான குப்பை அள்ளும் முறை ஒன்றை ஆப்பிள்பி, கார்ல்சன், ஹரிடி, சாலின் ஆகியோர் 1988-ல் வெளியிட்டார்கள். உயிருள்ள அறைகளை நெருக்கி அடுக்கும்போதும் அவற்றின் முன்பின் வரிசை மாறாமல் பார்த்துக்கொண்டது அந்த முறை. வரிசை கலைந்தால் வயது கலைந்துவிடுமே!

மறுபக்கத்தில் ஸ்மால்டாக்

புரோலாக் பிறந்த அதே 1972-ல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ஆலன் கேயின் குழு ஸ்மால்டாக்கை உருவாக்கத் தொடங்கியது. அங்கே எல்லாமே ஆப்ஜெக்ட். எண்ணும் ஆப்ஜெக்ட், எழுத்தும் ஆப்ஜெக்ட். ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிப் பேசிக்கொள்ளும். உள்ளே நினைவகத்தில் எங்கே இருக்கின்றன என்பதை நிரலர் பார்க்கவே தேவையில்லை, பார்க்கவும் முடியாது. அந்த மறைப்புதான் ஆப்ஜெக்ட் வழியின் பெருமையே.

இப்போது சிக்கல் புரிகிறதா? வாரனின் மாறி நின்றதே முகவரியின் மேல்தான். ஆப்ஜெக்ட் மொழி முதலில் மறைப்பதே முகவரியைத்தான்! புரோலாக் மாறியை ஆப்ஜெக்டாக எழுத முயன்ற ஒவ்வொருவரும், முகவரி இலவசமாகத் தந்த மூன்றையும் வேறு வழியில் திரும்பச் சம்பாதிக்க வேண்டியிருந்தது.

அடையாளம் மட்டும் சுலபமாகக் கிடைத்தது. இரண்டு ஆப்ஜெக்டும் ஒன்றேதானா என்று கேட்க எல்லா ஆப்ஜெக்ட் மொழியிலும் வழி இருக்கிறது. ஆனால் மதிப்பு கிடைத்தபின் மாறி மறைந்துவிட வேண்டுமே? பரதன் என்று தெரிந்தபிறகும் "பரதனைச் சுட்டும் மாறி" என்ற ஆப்ஜெக்ட் நடுவில் நின்றுகொண்டுதான் இருக்கும். அதைத் தாண்டிப் போக ஒவ்வொரு முறையும் நடக்க வேண்டும்.

ஸ்மால்டாக்-80-ல் இதற்கு விடை போலத் தோன்றும் ஒரு செய்தி உண்டு. அதன் பெயர் 'பிகம்', அதாவது 'ஆகிவிடு'. ஓர் ஆப்ஜெக்டை இன்னொன்றாக ஆகிவிடச் சொன்னால், இரண்டின் அடையாளங்களும் இடம் மாறிக்கொள்ளும். மாறியைப் பரதனாக ஆகிவிடச் சொன்னால் வேலை முடிந்தது, பின்வாங்கும்போது மீண்டும் இடம் மாற்றினால் பழையபடி ஆகிவிடும் என்று தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள். அது இருவழி மாற்றம். அதுவரை பரதனைச் சுட்டிக்கொண்டிருந்தவை எல்லாம் இப்போது வெறும் மாறியைச் சுட்டத் தொடங்கிவிடும்! ஒருவழியாக மாற்றினால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் எவை முன்பு மாறியைச் சுட்டின, எவை முன்பே பரதனைச் சுட்டின என்ற வித்தியாசம் அழிந்துபோகும், அப்புறம் பின்வாங்க வழியில்லை. ஆக, நடுவில் நிற்கும் அந்த மாறி ஆப்ஜெக்டைச் சகித்துக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை.

இன்னொரு சிக்கல் பொருத்தம் பார்ப்பதில். மாப்பிள்ளை வீட்டார் பார்த்தாலும் பெண் வீட்டார் பார்த்தாலும் பொருத்தம் ஒன்றுதான். யூனிஃபிகேஷனும் அப்படியே, இரு பக்கமும் சமம். ஆப்ஜெக்ட் மொழியிலோ செய்திக்கு ஒரு பெறுநர் உண்டு. "நீ இவரோடு பொருந்துவாயா?" என்று ஒருவரிடம்தான் கேட்க முடியும். கேட்கப்பட்டவர் எந்த வகை என்பது மொழிக்குத் தெரியும். மற்றவர் மாறியா, எண்ணா, கோவையா என்பது தெரியாது. இதுபோன்ற இடங்களுக்காக டான் இங்கால்ஸ் 1986-ல் ஒரு எளிய உத்தியைச் சொன்னார். கேட்கப்பட்டவர் தன் வகையைச் சேர்த்து மற்றவரிடம் திருப்பிக் கேட்க வேண்டும்: "நான் ஒரு எண், நீ என்னோடு பொருந்துவாயா?" இரண்டு முறை கேட்டதும் இருவர் வகையும் தெரிந்துவிடும். ஜாவாவில் பலர் இதற்குப் பதில் வகை என்ன என்று நேரடியாகச் சோதித்துவிடுகிறார்கள். அழகு குறைவு, ஆனால் வேலை நடக்கிறது.

மாறிக்கு ஆப்ஜெக்டே பொருந்திய இடம்

எல்லா இடத்திலும் ஆப்ஜெக்ட் தோற்றது என்று நினைத்துவிட வேண்டாம். 1980களில் முனிக் நகரின் ஈ.சி.ஆர்.சி. ஆய்வகத்தில் சிப் என்ற மொழி உருவானது. அதில் மாறிக்கு ஒரு வீச்சு உண்டு. "எக்ஸ் 1 முதல் 10 வரை ஏதோ ஒன்று" என்று தொடங்கி, நிபந்தனைகள் சேரச் சேர வீச்சு சுருங்கும். விமான நிலையத்தில் எந்த விமானத்துக்கு எந்த வாசல், தொழிற்சாலையில் எந்த வேலை எந்த இயந்திரத்தில் என்பது போன்ற கேள்விகளுக்கு ஏற்ற முறை இது.

இப்படிப்பட்ட மாறி ஒரே அறைக்குள் அடங்காது. அதற்கு வீச்சு வேண்டும், அந்த வீச்சு மாறினால் யார் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்ற பட்டியலும் வேண்டும். உள்ளே நிலை, வெளியே செயல்கள் என்று பார்த்தால் இது பாடப்புத்தகத்தில் வரும் ஆப்ஜெக்ட் அல்லவா! 1987-ல் பிரான்சில் தொடங்கிய ஐலாக் நிறுவனத்தில் ழான்-பிரான்சுவா புஜே இதைக் கண்டுகொண்டார். முதலில் லிஸ்ப்பில் பெக்கோஸ் என்ற கருவி, பிறகு சி++ மொழியில் ஐலாக் சால்வர். 1994-ல் அவர் எழுதிய கட்டுரை, இந்த வகை நிரலாக்கத்தைப் புரோலாக் இல்லாமலே சி++ நூலகமாகத் தர முடியும் என்று காட்டியது.

அங்கேயும் அடையாளச் சிக்கல் வந்தது. சி++ மொழியில் ஆப்ஜெக்டை ஒரு செயலுக்குக் கொடுத்தால் அது நகலெடுக்கப்படலாம். மாறியை நகலெடுத்தால் இரண்டு மாறிகள் ஆகிவிடுமே? ஆகவே ஐலாக் சால்வரில் நிரலர் தொடுவது ஒரு சின்னக் கைப்பிடியை மட்டும்தான். உண்மையான மாறி உள்ளே வேறிடத்தில் இருக்கும். கைப்பிடியை எத்தனை நகல் எடுத்தாலும் எல்லாம் ஒரே மாறியைத்தான் சுட்டும். பின்வாங்குவதற்காக, பழைய மதிப்பைத் தானே நினைவில் வைத்துக்கொள்ளும் தனிவகை எண்களையும் அந்த நூலகம் தந்தது. 2009-ல் ஐ.பி.எம். ஐலாக்கை வாங்கிக்கொண்டது.

ஜாவாவில் வயதைத் தேடி

1995-ல் ஜாவா அறிமுகமானது. சில ஆண்டுகளுக்குள் புரோலாக்கை அதில் எழுதும் முயற்சிகள் வந்துவிட்டன. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்ட் டெமோனும் பால் தாராவும் ஜேபுரோலாக் என்ற மொழிமாற்றியைச் செய்தார்கள். அதிலிருந்து ஜப்பானின் கோபே பல்கலைக்கழகத்தில் பன்பாராவும் தாமுராவும் புரோலாக் கஃபேயை வளர்த்தார்கள். இத்தாலியின் போலோன்யா பல்கலைக்கழகத்திலிருந்து டியூபுரோலாக் வந்தது.

டியூபுரோலாக்கின் மாறி கிளாஸைத் திறந்து பார்த்தால், அதில் ஒரு சுட்டி இருக்கும். மதிப்பு இல்லாதபோது அது நல். ஹோரின் நல்தான்! ஆனால் ஒவ்வொரு மாறியும் தனி ஆப்ஜெக்ட் என்பதால், எந்த மாறியின் நல் என்று குழப்பம் வருவதில்லை. புரோலாக் கஃபேயிலோ வெறும் மாறியின் சுட்டி அந்த மாறியையே சுட்டும். வாரன் 1983-ல் செய்த அதே தந்திரம், இயந்திர மொழியிலிருந்து கிளம்பி ஜாவாவில் வந்து நிற்கிறது.

சரி, வயது? ஜாவாவில் இரண்டு ஆப்ஜெக்டில் எது முதலில் பிறந்தது என்று கேட்க முடியாது. முகவரியே தெரிந்தாலும் பயனில்லை, ஏனென்றால் ஜாவாவின் குப்பை அள்ளி ஆப்ஜெக்டுகளை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே புரோலாக் கஃபே ஒவ்வொரு மாறிக்குள்ளும் பிறந்த நேரத்தை ஒரு 64-பிட் எண்ணாக எழுதி வைத்தது. மதிப்பு எழுதும்போது அந்த எண்ணைக் கிளைப்புள்ளியின் எண்ணோடு ஒப்பிட்டு, மூத்த மாறியாக இருந்தால் மட்டும் தடத்தில் குறிக்கும். கதவு எண் போனதால் வீட்டு வாசலில் பிறந்த தேதியைப் பொறித்து வைத்தது போல!

இதன் விலை என்ன? வாரனின் மாறிக்கு ஒரு நினைவக அறை போதும், 64-பிட் கணினியில் 8 பைட். வழக்கமான ஜாவா இயந்திரத்தில் ஆப்ஜெக்டின் தலைப்புக்கு 12 பைட், சுட்டிக்கு 4, வயதுக்கு 8, ஆக மொத்தம் 24 பைட். மூன்று மடங்கு. துப்புரவும் உடனே நடக்காது. பின்வாங்கியபின் தேவையற்ற மாறிகள் குப்பை அள்ளி வரும்வரை கிடக்கும். தடத்தில் ஒரு மாறியின் பெயர் இருக்கும்வரை குப்பை அள்ளி அதைத் தொடவும் தொடாது.

இவ்வளவு விலை கொடுத்து என்ன கிடைத்தது? ஜாவா உலகம் முழுவதும் கைக்கு எட்டியது. ஆண்ட்ராய்டு போன்ற பெரிய திட்டங்களில் நிரல் மாற்றங்களைப் பரிசீலிக்கப் பயன்படும் கெரிட் என்ற கருவி ஜாவாவில் எழுதப்பட்டது. ஒரு மாற்றத்தை ஏற்கலாமா கூடாதா என்ற விதிகளை 2010களில் அதில் புரோலாக்கில் எழுத முடிந்தது, உள்ளே ஓடியது புரோலாக் கஃபே. பின்னாளில் கெரிட் அந்த வழியை விட்டு எளிய விதிகளுக்கு மாறச் சொன்னது. ஆனாலும் சில ஆண்டுகள், தன்னையே சுட்டும் அந்தச் சின்ன ஆப்ஜெக்ட் உண்மையான மென்பொருள்களின் வாசலில் காவலுக்கு நின்றது.

எதிர்த்திசையில் ஒரு பயணம்

இதே காலத்தில் சிலர் கேள்வியையே திருப்பிப் போட்டார்கள். ஆப்ஜெக்டில் மாறியைச் செய்வதற்குப் பதில், மாறியைக் கொண்டு ஆப்ஜெக்டைச் செய்தால்? ஜப்பானின் ஐந்தாம் தலைமுறைக் கணினித் திட்டம் 1982-ல் தொடங்கி, அதன் கவனம் இணையாக ஓடும் புரோலாக்குகள் மேல் இருந்தது. 1983-ல் எஹுத் ஷபிரோவும் அகிகாசு தாகேயுச்சியும் ஒரு கட்டுரையில் இதைச் செய்து காட்டினார்கள். ஒரு பட்டியலின் வால் இன்னும் தெரியாத மாறி. அனுப்புபவர் அந்த வாலை ஒரு செய்தியாலும் இன்னொரு தெரியாத வாலாலும் நிரப்புவார். மறுமுனையில் ஒரு செயல்முறை அதைப் படித்துக்கொண்டே இருக்கும். அந்தச் செயல்முறைதான் ஆப்ஜெக்ட்!

இந்த மொழிகள் ஒரு குணத்தைத் தியாகம் செய்தன. அவற்றில் எழுதிய மதிப்பு அழியாது, பின்வாங்கல் இல்லை. அதற்குப் பதில், மதிப்பு வரும்வரை காத்திருக்கும் குணம் வந்தது. 1990களில் ஜெர்மனியில் கெர்ட் ஸ்மோல்காவின் குழு தொடங்கிய ஆஸ் மொழி, காத்திருப்பு, தேடல், ஆப்ஜெக்ட் மூன்றையும் ஒரே கூரையின்கீழ் வைத்தது. அங்கே மாறிக்கென்று கிளாஸ் எழுத வேண்டியதே இல்லை, மொழியே அதைப் பார்த்துக்கொண்டது.

ஜாவா 8 என்ற பதிப்பு 2014-ல் வந்தபோது அதில் கம்ப்ளீட்டபிள் ஃபியூச்சர் என்ற கிளாஸ் இருந்தது. வெறுமையாகப் பிறக்கும், ஒருமுறை நிரம்பும், நிரம்பும்வரை மற்றவர்கள் காத்திருக்கலாம். புரோலாக் மாறியின் தூரத்துச் சொந்தம் என்று பார்த்ததுமே தெரியும். ஆனால் இரண்டு வெறும் ஃபியூச்சர்களை ஒன்றாக்க முடியாது, எழுதியதை அழித்துப் பின்வாங்கவும் முடியாது. மூன்று குணங்களில் ஒன்று மட்டும் ஊர் வந்து சேர்ந்திருக்கிறது.

கடைசியாக ஒன்று

ஜாவா கிளாஸ் கோப்பு ஒன்றை ஓட்டும் முன், அது ஒழுங்கானதுதானா என்று ஜாவா இயந்திரம் சோதிக்கும். எண்ணை ஆப்ஜெக்ட் என்று ஏமாற்றிப் பயன்படுத்தியிருந்தால் உள்ளேயே விடாது. இந்தச் சோதனையின் விதிகள் ஜாவா இயந்திரத்தின் அதிகாரபூர்வ விவரக்குறிப்பில் வரையறுக்கப்பட்டிருக்கின்றன. ஜாவா 7 பதிப்புக்கான விவரக்குறிப்பை எடுத்து அந்த அத்தியாயத்தைப் புரட்டினால், பக்கம் பக்கமாக விதிகள் ஒரு நிரல்மொழியில் எழுதப்பட்டிருக்கும். அந்த மொழி ஜாவா இல்லை.

புரோலாக்! ஒரு கட்டளை ஓடும் முன் அடுக்கில் இருக்கும் வகை என்ன, ஓடியபின் இருக்கும் வகை என்ன என்பதையெல்லாம் அங்கே இன்னும் தெரியாத மாறிகளால்தான் எழுதியிருக்கிறார்கள். புரோலாக் மாறியைத் தனக்குள் வைக்க 24 பைட் கேட்ட அதே ஜாவா, தன்னுடைய சட்டப்புத்தகத்தை எழுத அந்த மாறியைத்தான் நாடியது.